இருநூறு மீட்டருக்குள் இருந்தவர்கள்

செங்கரையில் வீடுகள் முதன்முதலாக இடம் மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பால் பொங்கவில்லை, கொடியில் கிடந்த துணி நழுவவில்லை, தொட்டிலில் தூங்கிய பிள்ளைகள் ஒருமுறை புரண்டு படுத்துக்கொண்டதோடு சரி. வீடுகள் கடைக்காலோடு ஒரு முழ உயரம் எழும்பி, தேர்க்கூட்டத்தில் ஆட்கள் தோளை ஒடுக்கிக்கொண்டு ஒருவருக்கொருவர் வழிவிடுவதுபோல வழிவிட்டு, சந்துகளில் பக்கவாட்டில் நுழைந்து, பாலங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து கடந்து, மூன்றேகால் ஆகும்போது வேறு வேறு இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டன. ஸ்டேஷனில் பார்சல் ஏற்றும் வேலை பார்த்த ஒருவர் கதவைத் திறந்தபோது இரண்டாவது பிளாட்பாரம் அவர் வாசலில் நின்றது. அரசு ஆஸ்பத்திரி நர்சுகள் எட்டுப் பேரின் வீடுகள் ஆஸ்பத்திரி மதிலைச் சுற்றி வரிசையாக நின்றன. அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதே மூன்று மணிக்கு வீடுகள் எழும்பின. அதற்கடுத்த செவ்வாயும்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நகரத்தின் வண்டிப்புகையைக் குறைக்க ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். யார் எங்கே குடியிருக்கிறார்கள், தினமும் எங்கே போகிறார்கள், எதில் போகிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதி, அதையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், அது ஊரைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, இந்தக் கட்டத்தை அங்கே வைத்தால் புகை எவ்வளவு, அந்தக் கட்டத்தை இங்கே வைத்தால் எவ்வளவு என்று லட்சக்கணக்கான தடவை மாற்றி மாற்றிப் பார்த்து, இருப்பதிலேயே புகை குறைந்த ஊர் எது என்று வரைந்து காட்டும். இனி வரப்போகும் இருபது வருடத்துக்கு எங்கே கடை கட்டலாம், எங்கே வீடு கட்டலாம் என்று சொல்வதற்காகத்தான் அந்த வரைபடம். ஆனால் ஊர் அதுவரை காத்திருக்கவில்லை, உடனே செய்யத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஜனங்கள் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடங்களில் இரண்டு மணிக்கே மணி அடித்தார்கள், ஏனென்றால் மூன்று மணிக்கு வீட்டுக்குள் இல்லாதவர்கள் புதன்கிழமை முழுக்க வீட்டைத் தேடி அலைய வேண்டியிருந்தது. பெண்கள் மூன்றேகாலுக்குப் பிறகே வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் முகவரிக்கு வெற்றிடம் விட்டு அச்சடித்து, புதன்கிழமை காலையில் பேனாவால் நிரப்பினார்கள். நாய்கள் வீட்டோடு போயின. பூனைகள் இடத்தோடு தங்கி, புதிதாக வந்து உட்கார்ந்த வீட்டை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போயின. கோயில்களும் பள்ளிவாசல்களும் சர்ச்சுகளும் இடுகாடுகளும் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. திட்டம் போட்ட அலுவலகத்தில் யாரோ முன்யோசனையாகக் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டங்களைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

அந்தக் கணக்கெடுப்புக்காகத் தெருத்தெருவாக நடந்தவர்களில் ஒருத்தி ஞானசுந்தரி. வயது ஐம்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நகரத் திட்ட அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. அப்பா கட்டிய வீட்டில், ஒட்டுக்கிணற்றுத் தெருவில் தனியாக இருந்தாள். தனியாக என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. அந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர், பின்பக்கம் ஒரே முற்றம். அடுத்த வீட்டில் மெகருன்னிசாவும் அவள் புருஷன் செய்யது பக்கீரும் இருந்தார்கள். செய்யது பக்கீர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், வாட்டசாட்டமான ஆள். ஐந்து வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து, கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் அசையாமல் படுத்துவிட்டார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஆளால் அது முடியாது. மெகருன்னிசா தோளைப் பிடிக்க, ஞானசுந்தரி இடுப்பைப் பிடிக்க, "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி அவரைப் புரட்டுவார்கள். அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் எதிர்வீட்டுத் தச்சர் வந்து பிடிப்பார். ஐந்து வருடத்தில் அவர் உடம்பில் ஒரு சின்னச் சிவப்புக்கூட வந்ததில்லை. முற்றத்துக் கதவிலிருந்து அவர் கட்டில்வரை பதினோரு எட்டு.

கணக்கெடுப்புத் தாளில் ஏழாவது கேள்வி, தினமும் எங்கெங்கே போகிறீர்கள் என்பது. அதன் கீழே சின்ன எழுத்தில், இருநூறு மீட்டருக்கு உட்பட்டதைக் குறிக்க வேண்டாம் என்று போட்டிருந்தது. மெகருன்னிசா வீட்டுத் தாளை ஞானசுந்தரியே நிரப்பினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு.

"ஏழாவது, தினம் எங்க போறீங்கன்னு கேட்டிருக்கு மெகருக்கா."

"நான் எங்கட்டுப் போறேன். இவுகள விட்டுட்டு வாசலத் தாண்ட முடியுதா."

"அண்ணாச்சி?"

கட்டிலில் கிடந்தவர் கண்ணாலேயே சிரித்தார். ஞானசுந்தரி அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். தன் வீட்டுத் தாளில், அலுவலகம், ஆறு கிலோமீட்டர், பஸ் என்று எழுதினாள். இரண்டையும் ஒரே பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முதல் மூன்று செவ்வாய்களில் அவர்கள் தெருவை எதுவும் தொடவில்லை. நான்காவது செவ்வாய் அவள் உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தாள். தரை எழும்பியது காலுக்குத் தெரிந்தது. மூன்றேகாலுக்குப் பின்கதவைத் திறந்தாள். முற்றம் இல்லை. அலுவலகத்தின் ஜெனரேட்டர் அறை நின்றது. அவள் வீடு அவள் வேலைசெய்யும் இடத்துக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தது. இனி அவளுக்குப் பஸ்ஸே வேண்டாம்.

போன் அடித்தது.

"சுந்தரி, எங்க வாசல்ல வேலிக்கருவைக் காடு நிக்குது" என்றாள் மெகருன்னிசா. "ரோடே தெரியல. நீ எங்க இருக்க?"

"ஆபீசுக்குப் பின்னாடி."

"அவுகள நாலு மணிக்குப் புரட்டணும்."

"வர்றேன்க்கா."

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரும்போது ஐந்தரை. பதினோரு கிலோமீட்டர். அந்தத் தெற்கு ஓரத்தில் அறுபது எழுபது வீடுகள் வந்து இறங்கியிருந்தன. எல்லாம் ஏழாவது கேள்விக்குக் கோடு போட்ட வீடுகள். எங்கேயும் போகாதவர்களை எங்கே வைத்தாலும் புகை ஒன்றுதான் என்று கம்ப்யூட்டர் கண்டிருந்தது. கண் தெரியாத ஒரு ரிட்டயர்டு வாத்தியார், இருதயம் பலவீனமான ஒரு அம்மா, வாக்கர் பிடித்து நடக்கும் இரண்டு சகோதரிகள், மூச்சு வாங்கும் ஒரு செங்கல்சூளைக்காரர். அவர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்று, என்ன உதவி வேண்டும் என்று மெகருன்னிசாவிடம் அன்போடு கேட்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவராலும் செய்யது பக்கீரின் இடுப்பைத் தூக்க முடியவில்லை. வாத்தியார் முயன்று பார்த்துத் தானே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஞானசுந்தரி காலையில் வேலைக்கு முன் ஒருமுறை, சாயங்காலம் வேலை முடிந்து ஒருமுறை போய் வந்தாள். மற்ற வேளைகளில் மெகருன்னிசா தனியாகத் தலையணையை முட்டுக்கொடுத்துப் பாதிப் பக்கம் திருப்பினாள். இரண்டாவது வாரம் முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்தது. மூன்றாவது வாரம் தோல் விட்டது.

ஞானசுந்தரி நீலமேகத்திடம் போனாள். துணைத் திட்ட அலுவலர், முப்பத்தைந்து வயது, அந்தக் கம்ப்யூட்டரில் கட்டங்களை ஏற்றியவர் அவர்தான். நல்ல மனிதர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"சார், அந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவில போக்குவரத்து உண்டு. தினம் நாலு தடவை. தாள்ல எழுத இடம் இல்லாததால விட்டுப்போச்சு. இப்போ சேர்த்துவிடுங்க."

நீலமேகம் நாற்காலியைத் திருப்பி மேசைமேல் இருந்த திரையைக் காட்டினார். கறுப்பாக இருந்தது.

"நிறுத்திட்டோம் அக்கா. போன மாசமே நிறுத்திட்டோம். ஒயரைக்கூடப் பிடுங்கியாச்சு, பாருங்க."

"அப்புறம் எப்படி?"

"தெரியல. அது கத்துக்கிச்சு போல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க அப்பா வீடு வடக்கே போயிருச்சு. நானும் அவர் தாளுக்குக் கோடுதான் போட்டேன்."

பிறகு அவர் டீ சொன்னார், அவள் வேண்டாம் என்று எழுந்து வந்தாள்.

வழி சொன்னது அவளை வழக்கமாகத் தெற்கு ஓரத்துக்குக் கொண்டுபோகும் ஆட்டோக்காரர் சுடலைமுத்து. அவர் மாமியார் வீடு கிழக்கு ஓரத்துக்குப் போனது, பெண்டாட்டி அழுததால் அவர் தினமும் ஆறு தடவை அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய்வந்தார், இரண்டே செவ்வாயில் மாமியார் வீடு நான்கு கிலோமீட்டர் கிட்டே வந்துவிட்டது.

"மண்ணுக்குச் சக்கரம் தெரியுதும்மா. காலடி தெரியாது, சக்கரம்தான் தெரியும். நடந்துபோனா கணக்குல வராது. புகை விட்டுக்கிட்டுப் போனாத்தான், ஏன் இந்தப் பிள்ளை இவ்வளவு தூரம் போகுதுன்னு யோசிச்சுக் கிட்டக் கொண்டாந்து வைக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானசுந்தரி சுடலைமுத்துவின் ஆட்டோவில் தன் வீட்டுக்கும் மெகருன்னிசா வீட்டுக்கும் நடுவே எட்டுத் தடவை போய்வந்தாள். போகும் ஒவ்வொரு தடவையும் இறங்கி, அவரைப் புரட்டி, புண்ணைத் துடைத்து மருந்து போட்டு, மறுபடி ஏறினாள். செவ்வாய் மூன்று மணிக்கு இரண்டு வீடுகளும் எழும்பின. மூன்றேகாலுக்கு நடுவில் ஏழு கிலோமீட்டர்தான் இருந்தது. அடுத்த செவ்வாய் நான்கு. "புண்ணு ஓரம் காயிற மாதிரி இருக்கு" என்றாள் மெகருன்னிசா. செய்யது பக்கீர் குழறிக் குழறி, ஆட்டோ பிரேக் சரியில்லை, சத்தத்திலேயே தெரிகிறது, பார்க்கச் சொல் என்றார். சுடலைமுத்து வாசலில் நின்று, சரி அண்ணாச்சி என்றார்.

ஆனால் ஊரில் பிரிந்துபோனவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டும் அல்ல. ஒரே மதிலில் இருந்து பிரிந்த சம்பந்திகள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துப் பிரிந்த சிநேகிதிகள், மாடிக்கும் கீழுக்குமாக இருந்து பிரிந்த அண்ணன் தம்பிகள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போன தாய்மார்கள், எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆட்டோக்களும் வேன்களும் இரவல் வாங்கிய பைக்குகளும் லாரிகளும்கூட அந்த வாரம் முழுக்க ஊரைக் குறுக்கும் நெடுக்குமாக உழுதன. யாரும் எங்கேயும் எதையும் வாங்கப் போகவில்லை, விற்கப் போகவில்லை. ஒருவர் வாசலுக்குப் போய் ஹார்ன் அடித்து, முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி, மறுபடி போனார்கள். கூரைகளின் மேல் சாம்பல் நிறத்தில் புகை படுத்துக்கிடந்தது. நீலமேகம் ஒரு ஜீப்பின் மேல் நின்று, கையில் மைக்கோடு, தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள் என்று தெருத்தெருவாகக் கெஞ்சினார். அவர் ஜீப்பும் நான்கு தடவை வடக்கு ஓரத்துக்குப் போய்வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

அத்தனை சக்கரத்தையும் எண்ணிய மண் திணறிப்போனது. அந்தச் செவ்வாய்க்கிழமை வீடுகள் கால் மணி நேரத்துக்குப் பதிலாக ஐந்தரை மணிவரை சுற்றின. ஒன்றை ஒன்று நெருங்கி, நின்று, வேறு பக்கம் இழுபட்டு, மறுபடி நகர்ந்தன. ஞானசுந்தரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் மெகருன்னிசாவின் பச்சைக் கதவு முப்பது அடி தூரத்தில் கடந்து போனது. மெகருன்னிசா ஜன்னலில் நின்று ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. வீடுகள் உட்கார்ந்தபோது நடுவில் பதிமூன்று கிலோமீட்டர் இருந்தது.

புண் வழியாகக் காய்ச்சல் உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். ஏழாம் நாள், திங்கட்கிழமை முற்பகல், செய்யது பக்கீர் இறந்துபோனார். சாகும்போது ஒரு பக்கம் மெகருன்னிசாவும் மறுபக்கம் ஞானசுந்தரியும் நின்றார்கள். கடைசியாகப் புரட்டிய வேளையிலிருந்து இன்னும் நான்கு மணி நேரம் ஆகவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு மெகருன்னிசா, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் உட்கார்ந்தாள். நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. அதே வாரத்தில் நகர நிர்வாகம் ஒரு உத்தரவு போட்டது: ஏழாவது கேள்விக்கு யார் என்ன எழுதினார்களோ அந்த இடத்துக்கு மட்டும்தான் வண்டியில் போகலாம். ஜனங்கள் முணுமுணுத்தார்கள், பிறகு கேட்டுக்கொண்டார்கள். ஏனென்றால் அந்த மாதமே புகை விலகிவிட்டது. மேற்கே மலை தெரிந்தது. மலையில் மூன்று அருவி விழுவதைச் செங்கரையில் பிறந்து வளர்ந்தவர்களே முதல்தடவையாகப் பார்த்தார்கள். இழுப்பு வந்த பிள்ளைகள் மருந்தில்லாமல் ஓடினார்கள். ஊரின் புகை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று பலகை வைத்தார்கள். அது பொய்யும் இல்லை. அந்தப் பலகையின் கீழே நின்று, என் அம்மாவைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது என்று யாராவது சொன்னால், கேட்பவர்களுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அவர்கள் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு மலையைப் பார்த்தார்கள்.

எங்கேயும் போகாத மெகருன்னிசாவின் வீடு வாராவாரம் தள்ளிப்போனது. வேலிக்கருவையைத் தாண்டி, செங்கல்சூளையைத் தாண்டி, கடைசியில் தெற்கே ஊர் முடிகிற கல்குவாரிப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. அங்கே பஸ் கிடையாது. பஸ்ஸில் போக ஆள் இல்லாத இடத்துக்குப் பஸ் எதற்கு. அவளும் ஞானசுந்தரியும் போனில் பேசிக்கொண்டார்கள்.

"தனியா இருக்கப் பயமா இருக்காக்கா?"

"பயம் இல்ல. நாலு மணி நேரத்துக்கு ஒருக்க முழிப்புத் தட்டுது. எந்திரிச்சு உக்காந்துக்குவேன். கைக்கு ஒரு வேலையும் இல்ல."

அதைக் கேட்ட மறுநாளிலிருந்து ஞானசுந்தரி வேலைக்குப் போகவில்லை. பின்னால் இருந்த அலுவலகத்துக்குக்கூடப் போகவில்லை, கடைக்கும் போகவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். எங்கேயும் போகாதவர்களை ஓரத்துக்குத் தள்ளும் என்றால் தன்னையும் தள்ளட்டும் என்று நினைத்தாள். நீலமேகம் வந்து கதவைத் தட்டினார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, "எந்த ஓரம்னு நம்மளால சொல்ல முடியாதே அக்கா" என்றார். "தெரியும் சார்" என்றாள். அவர் ஒரு பை அரிசியும் பருப்பும் வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனார்.

மூன்று செவ்வாய் அவள் வீடு அசையவில்லை. நான்காவது செவ்வாய் எழும்பியது. அவள் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் சுவரில் ஊன்றிக்கொண்டாள். வெகுநேரம் போனது. நின்ற பிறகு கதவைத் திறந்தாள். முன்னால் நெல்வயல், அதற்கப்பால் ரயில் பாதை. வடக்கு ஓரம். வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, வீடு வந்திருக்கிறது என்று அறிந்து, மறுபடி குனிந்தாள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் மெகருன்னிசா, போனில்.

"வடக்குக்கா."



"சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்."

ஆறு நாள் அவள் அந்த வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஊர் முழுசும் கிடந்தது, இருபத்துநான்கு கிலோமீட்டர். அவள் தாளில் அலுவலகத்தைத் தவிர வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை, அதனால் எந்த வண்டியும் அவளைத் தெற்கே ஏற்றாது. அடுத்த செவ்வாய்க்கிழமை விடியும்போது எழுந்து, குளித்து, ஒரு மாற்றுச் சேலையைப் பையில் வைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தாள். ஊருக்குள் நுழைந்து, மார்க்கெட்டைத் தாண்டி, ஆஸ்பத்திரியைத் தாண்டி, பூனைகள் மட்டும் பழையபடி இருந்த ஒட்டுக்கிணற்றுத் தெருவைத் தாண்டி நடந்தாள். சுடலைமுத்து ஆட்டோவை நிறுத்தாமல் அவள் வேகத்துக்கு உருட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் கூட வந்தார். "ஏத்தினா வண்டியப் பிடுங்கிருவாங்கம்மா" என்றார். "பரவாயில்லண்ணே, நீங்க போங்க" என்றாள். அவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். மத்தியானம் செருப்பு வார் அறுந்தது. குவாரிப் பாதையில் வெறுங்காலோடு நடந்தாள்.

பச்சைக் கதவைத் தட்டும்போது மணி இரண்டரை. மெகருன்னிசா திறந்தாள். வெள்ளைச் சேலையில் அவள் பாதியாக இளைத்திருந்தாள். ஞானசுந்தரியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள், கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, ஒரு சட்டியில் வெந்நீர் கொண்டுவந்து அவள் கால்களை அதில் எடுத்து வைத்தாள்.

"உன் வீடு?"

"பூட்டிட்டு வந்துட்டேன்."

"இன்னைக்குச் செவ்வாய் சுந்தரி. மூணு மணிக்கு அது எங்க போகும்னே தெரியாது. அப்பா கட்டின வீடு. திரும்பி நீ அத எங்க போய்த் தேடுவ?"

"தேடல."

மெகருன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். சோறு சூடாக இருந்தது, ரசம் இருந்தது, அப்பளம் பொரித்தாள். இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தட்டில் சோற்றைப் போடும்போது தரை லேசாக எழும்பியது. சுவர்கள் ஒருமுறை முனகின. ஜன்னலில் குவாரியின் பாறை மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. எங்கே போகிறது என்று பார்க்க இரண்டு பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மெகருன்னிசா ரசத்தை ஊற்றி, "பிசைஞ்சு சாப்பிடு" என்றாள். வீடு போய்க்கொண்டிருந்தது.